ராத்திரி எட்டு மணிக்கு ஜிபிஎஸ் ஏன் ஆடுகிறது?

2024 மே மாதம், லடாக்கில் ஹான்லே வானம் சூரியப் புயலால் சிவந்து கிடந்த படங்கள் போனுக்குப் போன் சுற்றிய அன்று எங்கள் நடைக் குழுவில் ஒரே களேபரம். "ஜிபிஎஸ் ரெண்டு நாளைக்கு வேலை செய்யாதாம், யாரும் மலைப் பக்கம் போகாதீங்க" என்று ஒரு ஃபார்வர்டு. அதற்குக் கீழேயே ஒரு தம்பி, "அண்ணே, நாளைக்கு ஏலகிரி சைக்கிள் ரைடு இருக்கே, கேன்சல் பண்ணிடலாமா?" என்று கேட்டிருந்தார். தாராளமாகப் போய்ட்டு வாங்க என்று எழுதினேன். விடியற்காலையில் கிளம்பி, ஏறி இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிட்டார்கள். ஜிபிஎஸ் பதிவு செய்த டிராக் சுத்தமாக இருந்தது.

அதே தம்பி அந்த வருஷம் புரட்டாசியில் ஒரு ராத்திரி மறுபடி போன் செய்தார். புயல் எதுவும் இல்லாத நாள். கிரிவலப் பாதையில் நடந்து முடித்திருக்கிறார்; அவர் கைக்கடிகாரமோ அவர் ரோட்டை விட்டு இறங்கி வயலுக்குள் போய், ஒரு வீட்டுச் சுவருக்குள் புகுந்து, மறுபடி ரோட்டுக்கு வந்ததாகக் கோடு போட்டிருந்தது. "வாட்ச் கெட்டுப்போச்சாண்ணே?"

வாட்ச் கெட்டுப்போகவில்லை. பூமி முழுக்கப் பேசப்பட்ட புயலில் ஒன்றும் ஆகாததும், அமைதியான ராத்திரியில் கோடு கோணியதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம். இணையத்தில் சூரியப் புயல் பற்றி வரும் அறிவுரையில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறவர்களுக்காக எழுதப்பட்டது. நாம் இருக்கும் இடம் வேறு.

நான் திருவண்ணாமலைக்காரன். ஒற்றையடிப் பாதைகளை நடந்து பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ப்பது பல வருஷப் பொழுதுபோக்கு. அதனால் கோடு எங்கே கோணுகிறது, எப்போது கோணுகிறது என்று பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. கூடவே சர்வே வேலை செய்யும் ஒரு நண்பரும், ஹாம் ரேடியோ வைத்திருக்கும் ஒரு ரிட்டயர்டு சாரும் பழக்கம். இதில் பாதி, அவர்களிடம் டீக்கடையில் கற்றது.

பூமியின் காந்தப்புலம் தரைக்குப் படுக்கையாக ஓடும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்கிறார்கள். நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே எங்கோ கடலில் கிடக்க, காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டியே போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரம் பக்கத்து மீனவ கிராமமான தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் தேடிவந்து பார்க்கும் ஒரு விசித்திரம் நம் தலைக்கு மேலே ராத்திரி ராத்திரி நடக்கிறது. நாம் அதற்குக் கீழே நின்றுகொண்டு வாட்ச் கம்பெனியைத் திட்டுகிறோம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து கிளம்பும் சிக்னல் நம் போனுக்கு வர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்காகிறது. வரும் வழியில் அயனி மண்டலம் குறுக்கே இருக்கிறது. பகல் வெயிலின் புற ஊதாக் கதிர் காற்றின் அணுக்களை உடைத்து எலக்ட்ரான்களை நிரப்பி வைத்திருக்கும் அடுக்கு அது. எலக்ட்ரான் அதிகமானால் சிக்னல் தாமதமாகும். சூரியனின் கொந்தளிப்பு ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும்; அது உச்சத்தில் இருக்கும் வருஷங்களில், நம் அட்சரேகையில், மதியம் இரண்டு மணி வாக்கில் இந்தத் தாமதம் நேர் உச்சிச் செயற்கைக்கோளுக்கே 10 மீட்டரைத் தாண்டும். அடிவானத்தை ஒட்டி இருப்பதற்கு இதைப்போல மூன்று மடங்கு வரை போகலாம். செயற்கைக்கோள் அனுப்பும் எட்டு எண்களை வைத்து ரிசீவர் ஒரு தோராயத் திருத்தம் செய்கிறது. அது பாதித் தாமதத்தைக் கழித்தால் பெரிய விஷயம். மிச்சப் பிழை பெரும்பாலும் உயரத்தில்தான் போய் விழும். கிடைமட்டத்தில் அவ்வளவு தெரியாது. மதியம் ஏறிய மலையின் உயரம் ஆளுக்கு ஆள் வேறாக வருவதில் இதற்கும் பங்குண்டு.

இதெல்லாம் பகல் கதை. பகல் பிழை மெதுவாக நகரும், கோடு மொத்தமாகக் கொஞ்சம் தள்ளி விழும், அவ்வளவுதான். நடக்கிறவர்களுக்கு உறுத்தாது.

சூரியன் இறங்கியதும் கதை மாறுகிறது. கீழ்ப்பகுதியில் எலக்ட்ரான்கள் சீக்கிரம் காணாமல் போக, மேல் அடுக்கு இன்னும் கனமாக, கொஞ்சம் உயரே எழும்பி நிற்கும். கீழே லேசு, மேலே கனம் என்றால் அது நிலைக்காது. உலை கொதிக்கும்போது அடியிலிருந்து குமிழி கிளம்புவதுபோல, எலக்ட்ரான் குறைந்த பகுதிகள் கனமான அடுக்கைத் துளைத்துக்கொண்டு மேலேறும். பிளாஸ்மா (மின்னேறிய வாயு) குமிழிகள் என்று பெயர். சிலது 1,000 கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலே போகும். இந்தக் குமிழியின் ஓரங்களில் சிக்னல் சிதறி, சில நொடி பலமாகவும் சில நொடி பலவீனமாகவும் வந்து சேரும். நட்சத்திரம் மினுக்குவதன் ரேடியோ வடிவம் என்று ஹாம் சார் சொல்வார். அளவுக்கு மீறி மினுக்கினால் ரிசீவர் பிடியை விட்டுவிடும்.

இதை வீட்டு மொட்டை மாடியிலேயே பார்க்கலாம். ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவச ஆப் ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் பலத்தையும் பட்டையாகக் காட்டும். போனைத் திறந்த வானத்தின் கீழ் ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார வேண்டியதுதான். சாயங்காலம் ஆறரை வரைக்கும் பட்டைகள் 40 டெசிபல்-ஹெர்ட்ஸ் பக்கம் சாதுவாக நிற்கும். எட்டு மணிக்கு அப்புறம், மோசமான ராத்திரியாக இருந்தால், வானத்தின் ஒரு பக்கத்தில் இருக்கிற இரண்டு மூன்று செயற்கைக்கோள்கள் மட்டும் 20-களுக்கு இறங்கித் துள்ளித் துள்ளி ஏறும். மற்ற பக்கம் அமைதி. கொஞ்ச நேரம் கழித்து அமைதியாக இருந்தவை ஆட ஆரம்பிக்கும். குமிழிகள் ராத்திரியில் மேற்கிலிருந்து கிழக்காக, நொடிக்கு 100 மீட்டர் கணக்கில் நகர்கின்றன. அதனால் பெரும்பாலும் மேற்கு வானத்தில்தான் முதலில் ஆட்டம் தெரியும். நடுராத்திரி தாண்டினால் அடங்கிவிடும். முதல் தடவை பார்த்தபோது கொசுக்கடியே தெரியவில்லை.

எல்லா ராத்திரியும் இப்படி இல்லை. நம் பக்கத்தில் மார்ச்-ஏப்ரலும் செப்டம்பர்-அக்டோபரும்தான் முக்கியமான பருவம். அந்த மாதங்களில் சூரியன் மறையும் கோடு காந்தப்புலக் கோட்டோடு கிட்டத்தட்ட இணையாக நிற்பதால், அந்தக் காந்தக் கோட்டின் வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் ஒரே சமயத்தில் இருட்டுகிறது. குமிழி கிளம்ப அது தோது. பங்குனி, சித்திரை, புரட்டாசி என்று நம் ஆட்கள் கிரிவலம் போகும் பௌர்ணமிகள் சில இந்தப் பருவத்தில் விழுகின்றன. "நிலாவுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் சம்பந்தம் இருக்கா?" என்று கேட்டவர்கள் உண்டு. கிடையாது. ராத்திரியில் நடக்கிறோம், அதுதான் சம்பந்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குமிழி கிளம்புவது நம் தலைக்கு மேலே என்றாலும், அடி பலமாக விழுவது கொஞ்சம் வடக்கே. காந்த நடுக்கோட்டில் எழும்பும் பிளாஸ்மா காந்தக் கோடுகள் வழியே வழிந்து இரண்டு பக்கமும் 15 பாகை தள்ளிக் குவிகிறது. இந்தியாவில் அது அகமதாபாத், போபால், கொல்கத்தா வரிசை. எலக்ட்ரான் அடர்த்தி அங்கே அதிகம் என்பதால் மினுக்கலும் அங்கே அதிகம். கட்ச் ரண்ணில் பௌர்ணமி இரவில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் நம்மைவிட ஜாக்கிரதையாக இருக்கட்டும்.

சரி, சூரியப் புயல் எங்கே வருகிறது? புயல் என்று ஒரே பெயரில் மூன்று வேறு சமாச்சாரங்களைப் போட்டுக் குழப்புகிறோம்.

முதலாவது சூரியச் சுடர். அதன் எக்ஸ்-கதிர் எட்டு நிமிஷத்தில் இங்கே வந்துவிடும். எச்சரிக்கை கொடுக்க நேரமே கிடையாது. பகல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பாதிப்பு. ஹாம் சார்தான் முதலில் கண்டுபிடிப்பார். பேசிக்கொண்டிருந்த சிற்றலை திடீரென்று செத்துப்போய், அரை மணி, ஒரு மணி நேரத்தில் உயிர் வரும். ஜிபிஎஸ்ஸுக்கு இதனால் வருவது ஒரு சின்ன அசைவுதான்.

இரண்டாவது, சூரியன் தானே ரேடியோ இரைச்சல் எழுப்புவது. அபூர்வம். 2006 டிசம்பர் 6 அன்று வந்த இரைச்சலில் பூமியின் பகல் பக்கத்தில் நிறைய ரிசீவர்கள் சிக்னலை இழந்தன.

மூன்றாவதுதான் செய்தியில் அடிபடும் காந்தப் புயல். சூரியனிலிருந்து கிளம்பிய பிளாஸ்மா மேகம் ஒன்றிலிருந்து மூன்று நாளில் வந்து மோதும். அமெரிக்காவின் விண்வெளி வானிலை மையம் இதை ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரிக்கிறது. 2024 மே 10 அன்று நம் நேரப்படி இரவு பத்தரை மணிக்கு மேல் மோதியது ஜி5. அதற்கு முந்தைய ஜி5 வந்தது 2003 அக்டோபரில். அப்போது அமெரிக்க விமானங்களுக்கு உயரத் திருத்தம் தரும் சேவை மணிக்கணக்கில் நின்றுபோனது. 2024-இல் அடி வாங்கியது விவசாயிகள். அங்கே சோளம் விதைக்கும் பருவம். சென்டிமீட்டர் துல்லியத்தில் வரிசை பிடிக்கும் டிராக்டர்கள் வயலிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

அங்கே டிராக்டர் நின்றது, இங்கே ஏலகிரி ரைடு ஏன் நிற்கவில்லை? துல்லியத்தின் கணக்கு அது. டிராக்டரும் சர்வே கருவியும் அலையின் கட்டத்தை எண்ணி இரண்டு சென்டிமீட்டருக்குள் இடம் சொல்கின்றன. எண்ணிக்கை ஒரு தடவை அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சர்வே நண்பரின் ரோவர், அதாவது அவர் கையில் தூக்கிப்போகும் ஜிபிஎஸ் கருவி, எண்ணிக்கை உறுதி என்ற "ஃபிக்ஸ்" காட்டாமல், இன்னும் உறுதியில்லை என்ற "ஃப்ளோட்"டிலேயே நின்றால் அவர் அன்றைக்கு மூட்டை கட்டிவிடுவார். நமக்கு ஐந்து மீட்டர் போதும். பத்து மீட்டர் தள்ளினாலும் பாதை தெரியும்.

காந்தப் புயலின் பலத்தைச் சொல்ல, ட்ரோன் விடும் நண்பர்கள் அடிக்கடி பார்க்கும் கே.பி. எண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. 0 முதல் 9 வரை போகும் இந்த எண்ணை, துருவத்துக்குக் கொஞ்சம் கீழே உள்ள நடு அட்சரேகைகளில் இருக்கும் 13 காந்த ஆய்வகங்களின் பதிவை வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கணக்கிடுகிறார்கள். கனடாவிலோ ஸ்காட்லாந்திலோ பறக்கவிடுகிறவருக்கு அது நல்ல வழிகாட்டி. தென்னிந்தியாவில் அதை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் தவறும். மதியம் கே.பி. 7 என்று இருக்கும்போது நம் போன் சாதாரணமாகவே ஓடலாம். அக்டோபர் ராத்திரி ஒன்பது மணிக்குக் கே.பி. 2 என்று பச்சை விளக்கு எரியும்போது வானம் முழுக்கக் குமிழி இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், சில புயல்கள் நம் சாயங்காலக் குமிழிகளைக் கிளம்பவிடாமல் அடக்கியும் வைக்கும். புயல் நமக்கு எந்த மணி நேரத்தில் மோதுகிறது என்பதைப் பொறுத்தது அது. அதனால் நான் முதலில் பார்ப்பது மாதத்தையும் மணியையும். கே.பி. அதற்கப்புறம்.

சூரியனைக் குற்றம் சாட்டுவதற்கு முன் மற்றவர்களை விசாரிக்க வேண்டும். நம் மலைகளில் கோடு கோணுவதற்கு முதல் காரணம் பாறைச் சுவர். சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்து தூரத்தை நீட்டிவிடும். இரண்டாவது ஈரமான அடர்ந்த மரக்கூட்டம். பௌர்ணமிக் கிரிவலத்தில் மூன்றாவதும் உண்டு, கூட்டம். மனித உடம்பு பாதிக்கு மேல் தண்ணீர். நாலு பக்கமும் ஆள் நின்றால் கைக்கடிகாரத்துக்கு வானம் எங்கே தெரியும்? தம்பியின் கோட்டில் கொஞ்சம் அதுவும் கலந்திருக்கும். அப்புறம், மூன்று நாள் ஏரோப்ளேன் மோடில் இருந்த போன், நெட் இல்லாத இடத்தில் விழித்துக்கொண்டால் தன் செயற்கைக்கோள் தகவலை வானத்திலிருந்தே சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அதற்குச் சில நிமிஷம் பிடிக்கும். புயல் என்று பதறாமல் திறந்த இடத்தில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்.

பாறையா, குமிழியா என்று பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் அமைப்பு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு நிமிஷம் முன்னதாக அப்படியே திரும்ப வரும். அதனால் இன்று மாலை 7:00 மணிக்கு ஓரிடத்தில் பாறை எதிரொலியால் ஆடிய புள்ளி, நாளை 6:56-க்கு அதே இடத்தில் அதே மாதிரி ஆடும். குமிழிக்கு அப்படி டைம்டேபிள் கிடையாது. ஒரே இடத்தில் வேறு கம்பெனிக் கருவி வைத்திருப்பவருக்கும் அதே நேரத்தில் ஆடுகிறதா என்று கேட்பதும் நல்லது. திறந்தவெளி, சாயங்காலத்துக்குப் பிறகு, வானத்தின் ஒரு பகுதி மட்டும், எல்லார் கருவியிலும் என்றால் மேலேதான் பிரச்சினை.

கருவி வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி: இரட்டை அலைவரிசை வாங்கினால் இது தீருமா? பாதி தீரும். பழைய போன் 1575.42 மெகாஹெர்ட்ஸ் எல்1 அலையை மட்டும் கேட்கும். புதியவை 1176.45-இல் வரும் எல்5-ஐயும் கேட்கும். இரண்டுக்கும் தாமதம் வேறு வேறு என்பதால், வித்தியாசத்தை வைத்து அயனி மண்டலத் தாமதத்தை ரிசீவரே கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம்; பாறை எதிரொலியையும் எல்5 நன்றாகச் சமாளிக்கும். மினுக்கலுக்கு மட்டும் இது மருந்தில்லை. அலைவரிசை குறையக் குறைய மினுக்கல் அதிகமாகும். எல்1 தாங்கும் இடத்தில் எல்5 முதலில் விழலாம். நம் நாட்டின் சொந்தச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கின் எஸ் அலை 2492 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் இதை நன்றாகத் தாங்கும், ஆனால் நம் கையில் இருக்கும் போன்கள் அந்த எஸ் அலையைப் பிடிப்பதில்லை. மினுக்கலுக்கு உண்மையில் உதவுவது எண்ணிக்கை. ஜிபிஎஸ்ஸோடு, மற்ற நாடுகளின் இதே மாதிரி அமைப்புகளான கலிலியோ, குளோனாஸ், பெய்டோ, கூடவே நாவிக் எல்லாவற்றையும் திறந்து வைத்தால், ஒரு பக்க வானம் கெட்டாலும் மறுபக்கத்தில் போதுமான செயற்கைக்கோள் மிஞ்சும். பேட்டரி மிச்சம் என்று வாட்ச்சில் "ஜிபிஎஸ் மட்டும்" வைத்திருக்கிறவர்கள் ராத்திரி நடைக்கு அதை மாற்றிவிடுங்கள்.

ராத்திரி நடையில் தூரக் கணக்கையும் நம்பாதீர்கள். புள்ளி இடமும் வலமுமாகத் துள்ளினால் ஒவ்வொரு துள்ளலும் தூரத்தில் சேரும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்பது ஊருக்கே தெரியும். கடிகாரம் அதிகமாகக் காட்டியது என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. சைக்கிளில் சக்கர சென்சார் இருந்தால் அதை முதன்மையாக வையுங்கள். பிரெவே என்ற 300, 400 கிலோமீட்டர் நெடுந்தூர சைக்கிள் ரைடு ஓட்டுகிறவர்கள் இருட்டியதும் திரையில் உள்ள கோட்டைவிட ரூட் ஷீட்டின் திருப்பங்களையும் மைல்கல்லையும் பார்ப்பது நல்லது. இரண்டு ரோடு பக்கம் பக்கமாகப் பிரியும் இடத்தில்தான் பத்து மீட்டர் பிழை உண்மையில் ஆளை ஏமாற்றும்.

திசைகாட்டியைப் பற்றிப் பயம் வேண்டாம். துருவப் பக்கத்தில் பெரும்புயலின்போது முள் சில பாகை வரை அலையும். நம் ஊரில் அது ஒரு பாகைகூட அசையாது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசமே தமிழ்நாட்டில் சுமார் 2 பாகைதான். முள்ளைக் கெடுப்பது காந்த மூடி வைத்த போன் கவர்தான். ட்ரோனை மொட்டை மாடியின் கம்பி போட்ட தளத்திலிருந்து கிளப்பிவிட்டு, "காம்பஸ் எரர், சூரியப் புயல்" என்று ஸ்டேட்டஸ் போட்டவரை எனக்குத் தெரியும்.

ட்ரோனில் உண்மையான ஆபத்து வேறு. இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸை வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் ட்ரோன், பிடி விட்டதும் காற்று அடிக்கும் பக்கம் நழுவ ஆரம்பிக்கும். அப்போது "வீட்டுக்குத் திரும்பு" பட்டனை அழுத்தினால், வீடு எங்கே என்று அதற்கே சந்தேகம். ஸ்டிக்கைக் கையில் எடுத்து, கண்ணால் பார்த்து இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். திறந்த மைதானத்தில், காற்று இல்லாத காலையில், ஜிபிஎஸ் உதவி இல்லாத மோடில் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். எல்லா மாடலிலும் அந்த மோடு இருக்காது, வாங்கும்போதே கேளுங்கள்.

மலையேறுகிறவர்களுக்கு நல்ல செய்தி, வனத்துறை அனுமதித்த பாதைகளில் வழிகாட்டியோடு பகலில் போய்ப் பகலில் இறங்குவதுதான் முறை. இருட்டிய பிறகான ஆட்டம் உங்களைத் தொடாது. எதற்கும் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். பாதை பிரியும் இடங்களில் காலை வேளையிலேயே புள்ளி போட்டுக்கொள்ளுங்கள். உயரம் வேண்டுமென்றால் பாரோமீட்டர் உள்ள கடிகாரத்தை, உயரம் தெரிந்த ஓர் இடத்தில் திருத்திக்கொண்டு ஏறுங்கள். திரையில் கோடு ஒரு பக்கமும் வழிகாட்டி அண்ணன் மறுபக்கமும் காட்டினால் அண்ணன் பின்னால் போங்கள்.

இந்தச் சூரியச் சுழற்சியின் உச்சத்தை அறிவித்தது 2024 அக்டோபரில். உச்சம் போய்விட்டது, இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு 2003-ஐ நினைவுபடுத்துவேன். அந்தச் சுழற்சி உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகு வந்த புயல் அது. இறங்குமுகத்திலும் பெரிய புயல் வரும். சாயங்காலக் குமிழிகள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகும். அடுத்த உச்சம் பக்கத்தில் வரும்போது மறுபடி கூடும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதை வரைகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாயங்காலம் ஏழிலிருந்து நடுராத்திரி வரை எடுத்த டிராக்கை மட்டும் வைத்துப் பாதை வரையாதீர்கள். பதிவேற்றலாம், தவறில்லை; நேரக் குறிப்பு இருப்பதால் பிறகு யாராவது பிரித்துப் பார்த்துக்கொள்வார்கள். வரைவதற்குக் காலையில் ஒரு முறை போய்வந்து, இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, நடுவில் கோடு இழுங்கள். நொடிக்கு ஒரு புள்ளி பதிவாகும்படி வைத்தால் துள்ளிய புள்ளிகளைக் கண்ணாலேயே பொறுக்கி எடுத்துவிடலாம். "ஸ்மார்ட் ரெக்கார்டிங்" வைத்தால் கருவி அதற்குத் தோன்றிய புள்ளிகளை மட்டும்தான் தரும்.